ஓடிக் களைத்ததா, ஓடிப் பழகியதா? அதிக கிலோமீட்டர் ஓடிய ஸ்போர்ட்ஸ் காரைத் தினசரி ஓட்ட வாங்குபவருக்கு

ஒன்றரை லட்சம் கிலோமீட்டர் ஓடிய ஸ்போர்ட்ஸ் காரை வாங்கப் போகிறேன், தினமும் வேலைக்கு அதிலேயே போகப் போகிறேன் என்று யாரிடமாவது சொல்லிப் பாருங்கள். "யானையைக் கட்டித் தீனி போடப் போறியா?" என்பதுதான் முதல் கேள்வியாக வரும். என் காதில் இது இரண்டு முறை விழுந்திருக்கிறது. முதல் வண்டியை வாங்கும்போது மீட்டரில் 62,000 கிலோமீட்டர்தான் இருந்தது. ஒன்றரை வருடத்தில் பாதி விலைக்குத் தள்ளிவிட்டேன். இரண்டாவது வண்டி 1,58,000 ஓடியிருந்தது. ஆறு வருடமாக அதில்தான் போய்வருகிறேன். முதல் வண்டியை மீட்டரைப் பார்த்து வாங்கினேன், இரண்டாவதை அதன் ரசீதுகளைப் பார்த்து வாங்கினேன். புதிதாக இறங்குபவர்கள் அந்த முதல் தவறைச் செய்யாமல் இருக்கத்தான் இதை எழுதுகிறேன்.

மீட்டரை எப்படிப் படிப்பது

ஒரு காரில் கிலோமீட்டரால் தேய்கிற பாகங்கள் உண்டு, வயதால் கெடுகிற பாகங்களும் உண்டு. கிளட்ச், ஷாக் அப்சார்பர், சஸ்பென்ஷன் புஷ் (இணைப்புகளில் உள்ள ரப்பர் உறை), வீல் பேரிங், கியர்பாக்ஸின் சிங்க்ரோ வளையங்கள் (கியர் கடிக்காமல் விழ உதவுபவை) எல்லாம் ஓட ஓடத் தேய்பவை. ரப்பர் ஹோஸ், ஆயில் சீல், டயர், டைமிங் பெல்ட், பிரேக் ஆயில் இவையெல்லாம் வண்டி நின்றாலும் கெடும். பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும் தன்மை கொண்டது, அதனால்தான் பெரும்பாலான நிறுவனங்கள் ஓடினாலும் ஓடாவிட்டாலும் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றச் சொல்கின்றன.

இஞ்சின் தேய்மானத்தில் கணிசமான பங்கு குளிர்ந்த நிலையில் ஸ்டார்ட் செய்து சூடாகும் வரையிலான சில நிமிடங்களில் நடக்கிறது. நெடுஞ்சாலையில் ஒரே வேகத்தில் வருடம் 25,000 கிலோமீட்டர் ஓடிய இஞ்சின் சுகமாக வாழ்ந்த இஞ்சின். வருடம் 3,000 கிலோமீட்டர் மட்டும், அதுவும் கடைத்தெரு வரை போய்வந்த இஞ்சினில் ஆயில் ஒருநாளும் முழுச்சூட்டை எட்டியிருக்காது. உள்ளே சேர்ந்த ஈரமும் பெட்ரோலும் ஆவியாகாமல் ஆயிலிலேயே தங்கியிருக்கும். உறை போட்டு மூடிவைத்த வண்டி என்றால் நல்ல வண்டி என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். தினசரி ஓட்டத்துக்கு அது நல்ல தேர்வு இல்லை. நீங்கள் வாங்கி ஓட்ட ஆரம்பித்த இரண்டாவது மாதத்தில் காய்ந்துபோன சீல்கள் ஒவ்வொன்றாகக் கசிய ஆரம்பிக்கும்.

என் கணக்கில் மீட்டரின் மோசமான இடம் 90,000 முதல் 1,20,000 வரை. கம்பெனியில் மாட்டிய கிளட்ச், ஷாக், புஷ், வாட்டர் பம்ப் எல்லாம் ஒரே சமயத்தில் ஆயுள் முடியும் இடம் அது. அந்தச் செலவு கண்ணில் தெரிந்ததும்தான் பலர் விற்கிறார்கள். 1,50,000 தாண்டிய வண்டியில் அந்தச் செலவை வேறு யாரோ ஏற்கெனவே செய்திருக்க வாய்ப்பு அதிகம். செய்திருந்தால் ரசீது இருக்கும். ரசீது இல்லையென்றால் செய்யவில்லை என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

எந்த மாடல்

நிறைய தயாரான, பாகம் எளிதில் கிடைக்கும், குறைகள் ஊரறிந்த மாடலைத் தேர்ந்தெடுங்கள். குறையே இல்லாத மாடல் கிடையாது. எங்கே உடையும் என்று உலகத்துக்கே தெரிந்த வண்டிதான் புதியவருக்கு நல்லது.

மாஸ்டா எம்எக்ஸ்-5ஐ முதலில் சொல்லிவிடலாம். 1989ல் சிகாகோ கண்காட்சியில் அறிமுகமானது, 2016ல் பத்து லட்சமாவது வண்டி வெளியே வந்தது. எடை குறைவு, இஞ்சின் எளிமையானது, டயர் சிறியது. அதன் எதிரி துரு. துணிக்கூரையில் விழும் மழைநீர் வடியும் குழாய் அடைத்துக்கொண்டால், தண்ணீர் கதவுக்குக் கீழுள்ள பக்கச் சட்டத்துக்குள் இறங்கி உள்ளிருந்து அரிக்கும். பின்சக்கரத்துக்கு முன்னால் உள்ள அந்த இடத்தை விரலால் அழுத்திப் பார்க்காமல் பழைய எம்எக்ஸ்-5 வாங்காதீர்கள்.

2012ல் வந்த டொயோட்டா ஜிடி86, சுபாரு பிஆர்இசட் இரட்டையரும் தினசரிக்குத் தோதானவை. பெயருக்காவது பின்சீட் உண்டு, டிக்கியும் பரவாயில்லை. 2012, 2013ல் தயாரான வண்டிகளை வால்வு ஸ்பிரிங் குறைக்காக 2018ல் திரும்ப அழைத்தார்கள். அந்த வேலைக்கு இஞ்சினை இறக்கிப் பிரிக்க வேண்டும் என்பதால், வேலை நடந்ததா என்பதோடு நடந்த பிறகு எத்தனை கிலோமீட்டர் சிக்கலில்லாமல் ஓடியது என்பதையும் கேளுங்கள்.

ஹோண்டா எஸ்2000ன் 2 லிட்டர் இஞ்சின் நிமிடத்துக்கு 9,000 சுற்று வரை ஏறும், முறையாக ஆயில் மாற்றினால் நீண்ட நாள் உழைக்கும். குளிர்ந்த ஸ்டார்ட்டில் டைமிங் செயின் டென்ஷனர் (செயினை இறுக்கிப் பிடிக்கும் பாகம்) கடகடக்கிறதா என்று மட்டும் காது கொடுங்கள். போர்ஷே பாக்ஸ்டர், 911 இரண்டிலும் 90களின் இறுதியிலிருந்து 2000களின் நடுப்பகுதி வரை வந்த எம்96 இஞ்சினில் ஐஎம்எஸ் பேரிங் (உள்ளே சுழலும் இடைநிலைத் தண்டைத் தாங்குவது) என்ற ஒன்று உண்டு. அது உடைந்தால் இஞ்சினே போய்விடும். கியர்பாக்ஸைக் கழற்றினால்தான் அந்தப் பேரிங்கை எட்ட முடியும் என்பதால், விவரமானவர்கள் கிளட்ச் மாற்றும்போதே அதையும் மாற்றிவிடுவார்கள். கிளட்ச் பில்லில் அந்த வரி இருக்கிறதா என்று தேடுங்கள். பிஎம்டபிள்யூ இ46 எம்3யில் பின்பக்க சப்ஃப்ரேம் (சஸ்பென்ஷனைத் தாங்கும் சட்டம்) பொருந்தும் தகடு விரிசல் விடும், இஞ்சினில் கனெக்டிங் ராட் பேரிங் தேயும்.

மாஸ்டா ஆர்எக்ஸ்-8 பற்றி ஒரு வார்த்தை. ரோட்டரி இஞ்சின், அழகான வண்டி, பல இடங்களில் மலிவாகவும் கிடைக்கும். ஆயிலை எரிப்பது அதன் பிறவிக்குணம். கம்ப்ரஷன் (இஞ்சினுக்குள் உருவாகும் அழுத்தம்) பார்க்க ரோட்டரிக்கென்றே தனிக் கருவி வேண்டும். சூடாக இருக்கும்போது அணைத்துவிட்டு மறுபடி ஸ்டார்ட் செய்யத் திணறினால் இஞ்சின் முடிந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம். வீட்டில் இன்னொரு வண்டி இருப்பவருக்குச் சரி. இது ஒன்றுதான் வண்டி என்பவர் ஒதுங்கிவிடுவது நல்லது.

மாடலை முடிவு செய்ததும் காரைத் தேடாதீர்கள். அந்த மாடலைக் கழற்றி மாட்டிய அனுபவமுள்ள மெக்கானிக்கைத் தேடுங்கள். அரை மணி தூரத்தில் அப்படி ஒருவர் கிடைக்கவில்லையென்றால் மாடலை மாற்றுங்கள். இதில் நான் பிடிவாதக்காரன்.

பணக் கணக்கு

கையில் நூறு ரூபாய் இருந்தால் எழுபத்தைந்து ரூபாய்க்கு வண்டி பாருங்கள். மீதி இருபத்தைந்து முதல் வருடத்துக்கு. இதைப் பலர் கேட்பதில்லை, நானும் முதல் முறை கேட்கவில்லை. நூறையும் போட்டு ஒரு படி மேலான வண்டியை வாங்கிவிட்டு, முதல் டயர் மாற்றும்போது விழித்தேன்.

வண்டியின் விலை வருடத்துக்கு வருடம் இறங்கும், பாகங்களின் விலை அப்படி இறங்காது. புதிதில் பெரும் விலைக்கு விற்ற காரை இன்று சாதாரணக் கார் விலைக்கு நீங்கள் வாங்கலாம். அதன் பிரேக் டிஸ்க் இன்னமும் பெரும் விலைக் காரின் பிரேக் டிஸ்க்தான்.

போன் போடும் முன் மூன்று விலைகளை விசாரித்துக்கொள்ளுங்கள்: உங்கள் வயதுக்கும் முகவரிக்கும் அந்த மாடலின் இன்ஷூரன்ஸ், அந்த அளவில் நான்கு நல்ல டயர், கிளட்ச் செட்டும் அதை மாட்டும் கூலியும். பல ஸ்போர்ட்ஸ் கார்களில் முன் டயரும் பின் டயரும் வேறு வேறு அளவு, முன்னுக்குப் பின் மாற்றிப் போட்டு ஆயுளை இழுக்க முடியாது. பிரீமியம் பெட்ரோல்தான் ஊற்ற வேண்டும் என்று கம்பெனி சொல்லியிருந்தால் அதையும் மாதக் கணக்கில் எழுதுங்கள். இந்த எண்களைப் பார்த்தும் ஆசை அடங்கவில்லையென்றால் தொடரலாம்.

தினமும் ஓட்டப் போவது நீங்கள்தான்

ஞாயிற்றுக்கிழமை காலையில் ஓட்டிப் பார்க்க எல்லா ஸ்போர்ட்ஸ் காரும் சுகம்தான். செவ்வாய்க்கிழமை மாலை, மழையில், நகராத நெரிசலில் உங்கள் இடது கால் என்ன சொல்லும்? கனமான கிளட்ச் என்றால் அரை மணியில் தெரிந்துவிடும். அதே மாடல் ஒன்றில் எப்படியாவது அரை மணி நேரம் உட்கார்ந்து பாருங்கள். பக்கவாட்டில் இறுக்கிப் பிடிக்கும் சீட்டில் இடுப்பு எப்படி இருக்கிறது, தாழ்ந்த கதவிலிருந்து வேலைக்குப் போகும் உடையில் இறங்க முடிகிறதா, பின்னால் வரும் வண்டி கண்ணாடியில் தெரிகிறதா என்று பாருங்கள். உங்கள் பார்க்கிங் சரிவில் முன் பம்பர் உரசுமா என்று அளந்து பாருங்கள். கோடைக்கால டயர்கள் 7 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இறுகிப் பிடியை இழக்கும். குளிர்ப் பிரதேசத்தில் இருப்பவர் இரண்டாவது டயர் செட்டுக்கும் அதை வைக்கும் இடத்துக்கும் சேர்த்தே திட்டமிட வேண்டும்.

அப்புறம், வண்டி வொர்க்‌ஷாப்பில் ஒரு வாரம் நின்றால் வேலைக்கு எப்படிப் போவீர்கள்? பழைய ஸ்போர்ட்ஸ் காருக்குப் பாகம் வர ஒரு வாரம் ஆவது சாதாரணம். இதற்குப் பதில் இல்லாதவர் இன்னும் கொஞ்சம் யோசிக்கலாம்.

போனில் கேட்க வேண்டியவை

நேரில் போய்விட்டால் ஆசை கண்ணை மறைக்கும். அதனால் முடிந்ததைப் போனிலேயே கேட்டுவிடுங்கள். எத்தனை வருடமாக உங்களிடம் இருக்கிறது, ஏன் விற்கிறீர்கள், கடைசியாகச் செய்த பெரிய வேலை என்ன, அடுத்துச் செய்ய வேண்டிய வேலை என்ன.

கடைசிக் கேள்விதான் முக்கியம். "ஒரு வேலையும் இல்ல சார், எடுத்தா ஓட்டிட்டே இருக்கலாம்" என்கிறவரை நான் நம்புவதில்லை. 1,50,000 ஓடிய வண்டியில் ஒரு வேலையும் இல்லாமல் இருக்காது. என் இரண்டாவது வண்டியை விற்ற பெரியவர் சொன்னது இன்னும் நினைவிருக்கிறது: "தம்பி, ரெண்டாவது கியர் காலையில கொஞ்சம் முரண்டு பிடிக்கும். பத்து நிமிஷம் ஓடினா சரியாயிடும். ஒரு பக்கக் கண்ணாடி மெதுவாத்தான் ஏறும். பின்னாடி புஷ் மாத்தணும், நான் மாத்தல." அவர் சொன்ன மூன்றும் அப்படியே இருந்தன. சொல்லாத நான்காவது எதுவும் இல்லை.

போனை வைக்கும் முன் ஒரு வேண்டுகோள்: "நான் வரும் வரை வண்டியை ஸ்டார்ட் செய்யாதீர்கள்." அதற்கான காரணம் கீழே வருகிறது.

காகிதம்

அந்தப் பெரியவர் ஒரு செருப்புப் பெட்டியைக் கொண்டுவந்து மேஜைமேல் வைத்தார். உள்ளே பதினோரு வருட பில்கள். ஒவ்வொன்றின் மூலையிலும் பேனாவால் அன்றைய மீட்டர் எண் எழுதியிருந்தது. பெட்ரோல் அளவுமானி மாற்றிய பில், தெர்மோஸ்டாட் மாற்றிய பில், கிளட்ச் 1,21,000ல், ஷாக் நான்கும் 1,34,000ல். வண்டியைப் பார்க்கும் முன்னரே பாதி முடிவு எடுத்துவிட்டேன்.

பில்களைத் தேதி வரிசையில் அடுக்குங்கள். மீட்டர் எண் சீராக ஏறுகிறதா? எங்காவது குறைந்தாலோ, இரண்டு வருடம் வெறுமையாக இருந்தாலோ கேளுங்கள். வெளிநாட்டில் இருந்தேன், வண்டி நின்றது என்பது நல்ல பதில்தான். ஆனால் அப்படி நின்ற வண்டிக்குத் திரும்ப எடுத்தபோது என்ன செய்தார்கள் என்ற பில் இருக்க வேண்டும். டைமிங் பெல்ட் உள்ள இஞ்சின் என்றால் முதலில் அந்தப் பில்லைத் தேடுங்கள். பல இஞ்சின்களில் பெல்ட் அறுந்தால் பிஸ்டன் வால்வில் மோதிவிடும். பெல்ட்டுக்குக் கிலோமீட்டரோடு வருடக் கணக்கும் உண்டு.

மீட்டரைத் திருத்தியிருக்கிறார்களா என்று கண்டுபிடிக்க ஸ்டீயரிங், கியர் குமிழ், பெடல் ரப்பர், ஓட்டுநர் சீட்டின் வெளிப்பக்க விளிம்பு ஆகிய நான்கும் உதவும். 60,000 காட்டும் வண்டியில் பெடல் ரப்பர் வழவழவென்று தேய்ந்திருந்தாலோ, அதைவிட, பெடல் ரப்பர் மட்டும் புத்தம் புதிதாக இருந்தாலோ உஷாராகுங்கள்.

சேசிஸ் எண்ணில் பெரும்பாலும் எழுத்தும் எண்ணுமாக மொத்தம் 17 இருக்கும். காகிதத்தில் உள்ளதும், கண்ணாடிக்கு அடியில் அல்லது கதவுச் சட்டத்தில் உள்ளதும் ஒன்றாக இருக்க வேண்டும். அதே எண்ணை வைத்துத் திரும்ப அழைப்பு நிலுவை, விபத்துப் பதிவு, கடன் பாக்கி ஆகியவற்றை உங்கள் நாட்டில் எப்படிப் பார்ப்பது என்று விசாரித்துப் பார்த்துவிடுங்கள்.

முதலில் கையை பானெட்டில் வையுங்கள்

பகல் வெளிச்சத்தில் போங்கள். வண்டி ஈரமாக இருந்தால் பெயிண்ட்டின் குறை எதுவும் தெரியாது, துடைத்துக் காயும் வரை காத்திருங்கள்.

போனதும் பேச்சுக் கொடுத்துக்கொண்டே உள்ளங்கையை பானெட்டின் மேல் வையுங்கள். சில்லென்று இருக்க வேண்டும். என் முதல் வண்டியைப் பார்க்கப் போனபோது அது வாசலில் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தது. "உங்களுக்காகத்தான் ஏசி போட்டு வெச்சிருக்கேன், உட்காருங்க" என்றார் விற்றவர். எவ்வளவு நல்ல மனிதர் என்று நினைத்தேன். வாங்கி வந்த மறுநாள் காலை என் வீட்டில் ஸ்டார்ட் செய்தபோது, தகர டப்பாவில் கூழாங்கல்லைப் போட்டுக் குலுக்கியது மாதிரி மூன்று நொடி சத்தம். பின்னால் நீலப் புகை ஒரு கொத்து. பிறகு இஞ்சின் ஒன்றும் நடக்காதது போல அமைதியானது. செயின் டென்ஷனரும் வால்வு சீலும் போயிருந்தன. சூடான இஞ்சின் இரண்டையும் மறைத்துவிடும். இப்போது பானெட் சூடாக இருந்தால் நான் சிரித்துக்கொண்டே இன்னொரு நாள் வருகிறேன் என்று சொல்லிவிடுவேன்.

சரி, பானெட் குளிர்ந்திருக்கிறது. ஸ்டார்ட் செய்யும் முன் ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து அடியில் பாருங்கள். வெளிர்பழுப்பு நிறத்தில் பசை மாதிரி ஒட்டியிருந்தால் ஆயிலில் தண்ணீர் கலந்திருக்கிறது. அது ஹெட் காஸ்கெட் (இஞ்சினின் தலைக்கும் உடலுக்கும் நடுவிலுள்ள அடைப்பு) கோளாறாக இருக்கலாம், குறுகிய தூரமே ஓடியதால் படிந்த ஈரமாகவும் இருக்கலாம். ஆயில் குச்சியிலும் அதே நிறம் இருந்தால் கிளம்பிவிடுங்கள். கூலன்ட் டப்பாவில் எண்ணெய் மிதக்கிறதா பாருங்கள். இஞ்சின் முழுதும் பளபளவென்று கழுவித் துடைத்து வைத்திருந்தால் எனக்கு மகிழ்ச்சி வராது, கசிவின் தடயம் போய்விட்டதே என்ற எரிச்சல்தான் வரும். லேசான தூசியும் பழைய கறையும் உள்ள இஞ்சின் உண்மை பேசும்.

இப்போது விற்பவரை ஸ்டார்ட் செய்யச் சொல்லிவிட்டு நீங்கள் சைலன்சர் பக்கம் நில்லுங்கள். நீலப் புகை என்றால் ஆயில் எரிகிறது. ஸ்டார்ட்டில் மட்டும் வந்து நின்றால் வால்வு சீல், ஓட்டத்தில் பிக்கப் கொடுக்கும்போது தொடர்ந்து வந்தால் பிஸ்டன் ரிங் என்று ஏறக்குறைய யூகிக்கலாம். குளிர்ந்த காலையில் மெல்லிய வெள்ளை ஆவி இயல்பானது. சூடான பிறகும் திரண்டு, தித்திப்பு வாடையோடு வரும் வெள்ளைப் புகை கூலன்ட் எரிவது. கறுப்பு என்றால் பெட்ரோல் அதிகம் போகிறது, இது பெரும்பாலும் சின்ன வேலை.

உடம்பு

கதவு, பானெட், டிக்கி இவற்றின் இடைவெளி இரு பக்கமும் ஒரே அளவில் இருக்கிறதா என்று பாருங்கள். முன் மட்கார்டு போல்ட்டுகளின் தலையில் பெயிண்ட் உரிந்திருந்தால் கழற்றி மாட்டியிருக்கிறார்கள். டிக்கியின் விரிப்பைத் தூக்கித் தகட்டைப் பாருங்கள். பின்னால் இடி வாங்கிய வண்டியின் கதை அங்கேதான் எழுதியிருக்கும்: சுருக்கம், கையால் பூசிய சீலன்ட், ஈர வாடை.

பெயிண்ட் தடிமனை அளக்கும் சிறு கருவி ஒன்றை வாங்கியோ இரவல் வாங்கியோ எடுத்துப்போங்கள். கம்பெனிப் பெயிண்ட் பொதுவாக 100 முதல் 180 மைக்ரான் வரை காட்டும். 300ஐத் தாண்டினால் மறுபடி பெயிண்ட் அடித்த இடம். ஆயிரத்தைத் தாண்டினால் கீழே பட்டி இருக்கிறது. அதிகம் ஓடிய வண்டியில் முன் பம்பரும் பானெட்டும் கல் தெறித்து ஒருமுறை பெயிண்ட் ஆகியிருப்பது குற்றமில்லை. கூரையிலும் கதவுத் தூணிலும் பட்டி இருந்தால் பேச்சை முடித்துக்கொள்ளலாம். அலுமினியத்திலும் அளக்கும் கருவிதானா என்று பார்த்து வாங்குங்கள். பிளாஸ்டிக் பாகத்தில் எதுவும் காட்டாது.

டயரின் பக்கச்சுவரில் நான்கு இலக்கம் இருக்கும். 2319 என்றால் 2019ன் 23ஆவது வாரம் தயாரானது. நான்கு டயரும் நான்கு பிராண்டாக இருந்தால், இன்ன இடத்தில் என்று தெரியாவிட்டாலும் எங்கோ கஞ்சத்தனம் நடந்திருக்கிறது. ஸ்போர்ட்ஸ் காரின் எஜமானர் எங்கே மிச்சம் பிடிக்கிறார் என்பது டயரில் முதலில் தெரியும். உள்விளிம்பு மட்டும் தேய்ந்திருந்தால் அலைன்மென்ட் அல்லது புஷ் பிரச்சினை, ஸ்டீயரிங்கைத் திருப்பி வைத்துக் குனிந்து பார்த்தால்தான் கண்ணில் படும்.

ஓட்டிப் பார்த்தல்

பத்து நிமிடம் சுற்றி வந்தால் ஒன்றும் தெரியாது. நாற்பது நிமிடமாவது வேண்டும். ரேடியோவை அணையுங்கள். விற்பவர் பேசிக்கொண்டே வருவார், பணிவாக நிறுத்தச் சொல்லுங்கள்.

இஞ்சின் சூடாகும் வரை மென்மையாக ஓட்டுங்கள். விற்பவரே முதலில் ஓட்டினால், அவர் முறுக்குகிறாரா என்பதைப் பார்த்து, குளிர்ந்த இஞ்சினை இத்தனை வருடம் எப்படி நடத்தினார் என்பதும் தெரிந்துவிடும். சூடான பிறகு நான்காவது அல்லது ஐந்தாவது கியரில் குறைந்த வேகத்தில் ஆக்ஸிலரேட்டரை முழுதாக மிதியுங்கள். வேகம் ஏறாமல் இஞ்சின் சுற்று மட்டும் விர்ரென்று ஏறினால் கிளட்ச் வழுக்குகிறது. மூன்றிலிருந்து இரண்டுக்குச் சற்று வேகமாக இறக்கிப் பாருங்கள். கரகரவென்று கடித்தால் சிங்க்ரோ தேய்ந்திருக்கிறது. கிளட்ச் ஒருநாள் வேலை, சிங்க்ரோ என்றால் கியர்பாக்ஸைப் பிரிக்க வேண்டும். இரண்டுக்கும் விலையில் பெரிய வித்தியாசம்.

மேடு பள்ளத்தில் டொக் டொக் என்று கேட்டால் புஷ் அல்லது பால் ஜாயின்ட். பயப்படத் தேவையில்லை, விலையில் கழித்துக்கொள்ளலாம். நேர்ச்சாலையில் ஸ்டீயரிங் பிடியைத் தளர்த்திப் பாருங்கள். பிரேக் பிடிக்கும்போது ஸ்டீயரிங் நடுங்குகிறதா, ஒரு பக்கம் இழுக்கிறதா?

கடைசியாக, சலிப்பூட்டும் சோதனை ஒன்று. ஏசியைப் போட்டுவிட்டு வண்டியைப் பத்து நிமிடம் நிற்கும் நிலையிலேயே ஓடவிடுங்கள். வெப்பமானி முள் அசையாமல் இருக்க வேண்டும், ரேடியேட்டர் ஃபேன் வந்து வந்து போக வேண்டும். பிறகு அணைத்து, ஐந்து நிமிடம் கழித்து மறுபடி ஸ்டார்ட் செய்யுங்கள். தினசரி நெரிசலில் உங்கள் வண்டி செய்யப்போவது இதைத்தான்.

ஸ்கேனரும் மெக்கானிக்கும்

ஓபிடி ஸ்கேனர் (வண்டியின் கணினியில் பதிவான பிழைகளைப் படிக்கும் கருவி) இப்போது மலிவு. பிழைக் குறியீடு இல்லை என்று காட்டியதும் நிம்மதியாகிவிடாதீர்கள். காலையில் அழித்துவிட்டு உங்களை வரவழைத்திருக்கலாம். ஸ்கேனரில் ரெடினஸ் என்ற பக்கம் இருக்கும். வண்டி தன்னைத்தானே செய்துகொள்ளும் சோதனைகளில் எவை முடிந்தன என்று அது காட்டும். பல சோதனைகள் முடியவில்லை என்று வந்தால், குறியீட்டை அண்மையில் அழித்திருக்கிறார்கள் அல்லது பேட்டரியைக் கழற்றியிருக்கிறார்கள்.

இதுவரை எல்லாம் சரியென்றால், நீங்கள் முன்பே கண்டுபிடித்து வைத்த மெக்கானிக்கிடம் வண்டியைக் கொண்டுபோங்கள். கட்டணம் கொடுத்து லிஃப்ட்டில் ஏற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். விற்பவர் இதற்கு மறுத்தால் அத்தோடு முடிந்தது. கம்ப்ரஷன் சோதனையில் எல்லா சிலிண்டரும் ஒன்றுக்கொன்று 10 முதல் 15 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். ஒன்று மட்டும் குறைந்திருந்தால் லீக்-டவுன் சோதனையும் (சிலிண்டருக்குள் காற்றை ஏற்றிக் கசிவை அளப்பது) செய்யுங்கள். அதில் கசிவு 10 சதவீதத்துக்குள் என்றால் நல்ல ஆரோக்கியம், 20ஐத் தாண்டினால் காற்று எந்த வழியாகப் போகிறது என்று பார்க்க வேண்டும். ஆயில் மூடி வழியே இரைந்தால் ரிங், சைலன்சரில் இரைந்தால் எக்ஸாஸ்ட் வால்வு, கூலன்டில் குமிழி வந்தால் ஹெட் காஸ்கெட்.

மாற்றங்கள் செய்த வண்டியைப் பற்றிச் சுருக்கமாக: தினசரிக்கு வேண்டாம். சஸ்பென்ஷனைத் தாழ்த்தியது, சைலன்சரை மாற்றியது, இசியூவில் (இஞ்சினைக் கட்டுப்படுத்தும் கணினியில்) கைவைத்தது எல்லாம் ஒருவரின் ரசனை. அந்த ரசனைக்காக அவர் இஞ்சினை எவ்வளவு முறுக்கினார் என்பதற்கு ரசீது கிடையாது. கழற்றிய கம்பெனிப் பாகங்கள் எல்லாவற்றையும் பத்திரமாக வைத்துக் கூடவே தருகிறார் என்றால் மட்டும் யோசிக்கலாம்.

பேரம்

மெக்கானிக் எழுதித் தந்த பட்டியலை மேஜைமேல் வையுங்கள். "அடிமாட்டு விலைக்குத் தருவீங்களா" என்ற தொனி வேண்டாம், வண்டியை நேசித்தவருக்கு அது வலிக்கும், பேச்சும் முறியும். புஷ் இவ்வளவு, டயர் இவ்வளவு, பிரேக் டிஸ்க் இவ்வளவு என்று கூட்டி, பாதியை அவர் தாங்கட்டும் என்று கேளுங்கள். பெரும்பாலும் நடக்கும். விலை குறைவாக இருக்கிறதே என்பதற்காகப் பில் இல்லாத வண்டியை மட்டும் எடுக்காதீர்கள். உங்கள் இருபத்தைந்து ரூபாயை அது முதல் மாதத்திலேயே விழுங்கிவிடும்.

வாங்கி வந்த முதல் மாதம்

பில் இருந்தாலும் இல்லாவிட்டாலும் இஞ்சின் ஆயில், ஃபில்டர், கியர்பாக்ஸ் ஆயில், டிஃபரன்ஷியல் ஆயில், பிரேக் ஆயில், கூலன்ட் அத்தனையையும் மாற்றிவிடுங்கள். அன்றிலிருந்து உங்கள் கணக்கு தொடங்குகிறது. கியர்பாக்ஸ் ஆயிலுக்கு ஆயுள் முழுவதும் மாற்ற வேண்டாம் என்று கம்பெனிப் புத்தகத்தில் இருந்தாலும் 1,50,000க்கு மேல் அதை நம்பாதீர்கள். என் பெரியவர் சொன்ன அந்த முரண்டு பிடிக்கும் இரண்டாவது கியர், சரியான தரத்தில் புது ஆயில் ஊற்றியதும் பாதி சரியானது. டைமிங் பெல்ட்டின் வயது தெரியவில்லையென்றால் பெல்ட், டென்ஷனர், வாட்டர் பம்ப் மூன்றையும் ஒரே கூலியில் முடித்துவிடுங்கள்.

பளபளப்பான வேலைகளை ஆறு மாதம் தள்ளிப்போடுங்கள். புது வீல், புது ஸ்டீரியோ எதுவும் இப்போது வேண்டாம். முதலில் டயர், பிரேக், புஷ். புதிதாக புஷ்ஷும் நல்ல ஷாக்கும் போட்டு அலைன்மென்ட் பார்த்த அன்று, 1,50,000 ஓடிய வண்டி திடீரெனப் பத்து வயது குறைந்த மாதிரி வளைவில் திரும்பும். குதிரைத்திறனைக் கூட்டச் செலவழிக்கும் பணத்தில் பாதியில் அந்தச் சுகம் கிடைத்துவிடும்.

அப்புறம் ஆயில் குச்சி. அதிகச் சுற்றில் ஓடும் இஞ்சின்கள் ஆயில் குடிப்பது புதிதல்ல, எவ்வளவு குடிக்கிறது என்று தெரிந்துவைத்திருக்க வேண்டும். இரண்டு முறை பெட்ரோல் நிரப்பினால் ஒருமுறையாவது சமதரையில் நிறுத்தி, ஐந்து நிமிடம் விட்டு, குச்சியைத் துடைத்து மறுபடி விட்டு எடுத்துப் பாருங்கள். தேதியும் மீட்டரும் ஆயில் மட்டமும் ஒரு சின்ன நோட்டில் எழுதி டாஷ்போர்டில் வையுங்கள். அதே தரத்தில் ஒரு லிட்டர் ஆயில் டிக்கியில் கிடக்கட்டும். பில்களைப் போட ஒரு பெட்டி வேண்டும், செருப்புப் பெட்டியே போதும்.